முனிரத்தினம் கப்பலின் இடப்பக்கம்

செவ்வாய்க்கிழமை மாலை புத்தூர் பஸ் கண்டக்டர் எங்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். வழக்கமாக அவர் கையில் துணி சுற்றிய பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே முனிரத்தினம் அனுப்பிய மரக்கப்பல் இருக்கும். அன்று வெறுங்கை. “மாஸ்டர், முனிரத்தினம் பூட்டாரு. நேத்து சைக்கிள்ல போய்க்கினு இருந்தாராம், கிளை ரோட்டுலருந்து வந்த லாரி அடிச்சிடுச்சி. ஆரன் அடிச்சிக்கினேதான் வந்தானாம். இவரு திரும்பக்கூட இல்லியாம்” என்றார். எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டேன். “இடது பக்கம்” என்றார். 

நண்பர்களே, எந்தப் பக்கம் என்று ஏன் கேட்டேன் என்பதை உங்களுக்குத்தான் நான் சொல்ல வேண்டும்.

கடலுக்கும் நமக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சித்தூரில் டிராயிங் மாஸ்டர் நான். திருப்பதியில் ரயில்வே குமாஸ்தா கோவிந்தசாமி. புத்தூரில் சர்வே சங்கிலி பிடிக்கும் முனிரத்தினம். இன்னும் இரண்டு பேர். பழப்பெட்டிப் பலகையைச் சீவிக் கப்பல் கட்டும் இந்தப் பைத்தியக்காரக் கூட்டத்துக்கு விதி வகுத்தவர் முனிரத்தினம்தான். மேல்தட்டை மூடுவதற்கு முன், விலாக்கட்டைகள் வெளியே தெரியும் கூட்டை இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும். அவர் கண்ட குற்றத்தைச் சீட்டில் எழுதி உள்ளே ஒட்டுவார். திருத்திவிட்டுச் சீட்டோடு மூட வேண்டும்.

என் முதல் கப்பலுக்கு அவர் எழுதிய சீட்டு: “தண்ணியில விட்டா குடிகாரன் மாதிரி சாயும். பிரிச்சி மறுபடி கட்டுங்க. உங்களால ஆவும்.” இரண்டு நாள் அவர் மேல் கோபமாக இருந்தேன். பிறகு பிரித்தேன். கட்டி முடித்ததைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியபோது, “நல்லா கீதுன்னு எழுதறவன் நமக்கு எதுக்கு மாஸ்டர்?” என்று சிரித்தார்.

எல்லைப் பேச்சு சூடாக இருந்த நாட்களில் டீக்கடையில் அவரை விடமாட்டார்கள். எங்கள் ஊர் ஆந்திராவா, மதராஸா என்று பிடுங்குவார்கள். “நான் சங்கிலி புடிக்கறவன். கோடு போடறவங்க வேற” என்பார். அப்படி ஒரு நாள்தான் முதலில் கவனித்தேன். எழுந்து போனவர் இடத்தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். இன்னொரு நாள் என் வீட்டில் சாப்பிட்டார். இலையின் இடப்பாதியில் வைத்த பொரியலைத் தொடவே இல்லை. என் மனைவி, “பிடிக்கலையா அண்ணா?” என்றாள். “எங்கம்மா வெச்ச?” என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

போன மாதம் கடைசிக் கூடு வந்தது. வலப்பக்க விலாக்கள் ஒவ்வொன்றும் நூல் பிடித்தாற்போல் நேர். இடப்பக்கத்தில் எல்லாம் கோணல். இரண்டு விலாக்களை வைக்கவே இல்லை. கூடவே ஒரு கடிதம்: “ஆபீசுல நான் நட்ற குச்சி கோணலா கீதுன்றாங்க. எனக்கு நேராத்தான் தெரியுது. நீங்க பாத்து நெசத்த எழுதுங்க. தப்பு இருந்தா டாக்டராண்ட போறேன்.”

அந்தக் கூட்டை வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல கைக்காரர், வயதாகிறது, மனம் உடைந்து உளியைக் கீழே போட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் பயந்தது தன் பார்வையை நினைத்து என்பது அந்தக் கடிதத்திலேயே இருந்தது. படித்தும் எனக்கு உறைக்கவில்லை. சீட்டில், “நேராக இருக்கிறது. மூடலாம்” என்று எழுதி ஒட்டி, மறுநாள் காலை பஸ்ஸில் அனுப்பிவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது அவர் மனைவி அந்தக் கப்பலை என் கையில் கொடுத்தார். “நீங்க எழுதனதப் பாத்துட்டுத்தான் அன்னிக்கு நிம்மதியா தூங்குனாரு. டாக்டராண்ட போவ வேணாம்னுட்டாரு” என்றார். கப்பலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நான் எழுதியது பொய் என்பதை இங்கே சொல்லியிருக்கிறேன்.

கோவிந்தசாமி, அடுத்த வாரம் என் கூடு உங்களிடம் வரும். தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். முனிரத்தினத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு கப்பல்தான். என் மேசையில் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. விதிப்படி என் சீட்டோடு மூடியிருக்கிறார்.