நாளைக்குத்தான் திறப்பேன்

ஷார்ஜா தொழில்பேட்டையில், டயர் கடைக்கும் கண்ணாடி அறுக்கும் பட்டறைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் மியூசியம். பழைய கிடங்குதான். உள்ளே முழுக்க இன்றைய தாய்லாந்து ஓவியர்களின் வேலைகள். முதலாளி உள்ளூர் அரபி. மனைவியின் சிகிச்சைக்காக அடிக்கடி பாங்காக் போனவர். ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் வரும்வரை பொழுது போகாமல் இருவரும் பக்கத்து கேலரிகளில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். தேர்ந்தெடுப்பது அந்த அம்மாள், பணம் கொடுப்பது இவர். அப்படிச் சேர்ந்ததுதான் எல்லாம்.

வந்து இறங்கும் ஒவ்வொரு படைப்பையும் பார்த்து, கீறல், கறை, விரிசல் என்று எழுதிவைப்பது என் டூட்டி. அஜ்மானிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். திருச்சியில் இருக்கும் அக்காவுக்கு இன்னும் என் வேலை விளங்கவில்லை. "படத்துக்கு டாக்டராடி நீ?" என்பாள். "இல்லக்கா, நர்சு" என்பேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. பாங்காக்கின் ஈரக் காற்றிலிருந்து வரும் பெட்டியை வந்தவுடன் திறக்கக் கூடாது. ஏசி அறையில் ஒரு நாள் முழுக்க மூடியபடி வைத்தால்தான் உள்ளே இருக்கும் மரம் மெல்ல மெல்ல இந்த ஊருக்குப் பழகும். முதல் வருஷம் முதலாளி "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்த, திறந்துவிட்டேன். மறுநாள் காலை, அரக்குப் பூசிய பலகையில் நெடுக ஒரு விரிசல். வழியில் நேர்ந்தது என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். 'நேரத்துக்கு முன் திறந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி யார் சொன்னாலும் திறப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

போன ஆகஸ்டில் அதற்குச் சோதனை வந்தது. மதியம் பெட்டி வந்து இறங்கியது. மூன்று மணிக்கு முதலாளி வந்து, "இப்போதே திற" என்றார். மறுநாள் காலை ஃப்ளைட்டில் மனைவியை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிறார். பெரிய ஆபரேஷன். ஃபோட்டோ பார்த்து வாங்கிய அந்தப் படத்தை, போகுமுன் அந்த அம்மாள் நேரில் பார்க்க வேண்டுமாம்.

"நாளை மதியம்தான் சார்."

"என் பொருள். என் மியூசியம்."

"ஆமாம் சார். விரிசல் விட்டாலும் உங்களுடையதுதான்."

சொன்னபிறகு என் வாய்க்கொழுப்பை நானே நொந்துகொண்டேன். என் விசா அவர் கையில். மகளின் பள்ளிக்கூடமும் அந்த விசாவை நம்பித்தான்.

அவர் ஃபோன் செய்தார். அரை மணியில் அந்த அம்மாளே வந்துவிட்டார். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. இந்தி சினிமா பார்த்துக் கற்ற இந்தி அவருடையது. என்னுடையது திருச்சி இந்தி.

"திறந்தால் உடையுமா?"

"உடையலாம். உடையாமலும் இருக்கலாம்."

"என் டாக்டரும் இப்படித்தான் பேசுகிறான்."

பெட்டிமேல் கைவைத்து நின்றார். திறந்து தொலைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் "நாளைக்கு" என்றேன்.

"கலாஸ், பேச்சு முடிந்தது. நான் திரும்பி வந்து பார்க்கும்வரை யாரும் பார்க்கக் கூடாது. நீயும்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏழு வாரம் அந்தப் பெட்டியைக் கடந்து போய் வந்தேன். அவர் திரும்பாமல் போயிருந்தால் என்னை நான் மன்னித்திருக்கமாட்டேன். அதற்காக, நான் செய்தது தப்பு என்றும் நினைக்க முடியவில்லை. ராத்தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

அக்டோபரில் வந்தார், சக்கர நாற்காலியில், பாதியாக இளைத்து. எங்கள் கார்பெண்டர் பாய் பெட்டியின் ஸ்குருக்களைக் கழற்றினார். தங்கத் தாள் ஒட்டிய பலகையில், ஆரஞ்சுச் சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள் வரிசையாக சவாரிக்குக் காத்திருந்தார்கள். டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒரு விரிசல் இல்லை.

அந்த அம்மாள் நெடுநேரம் பார்த்தார்.

"அங்கே படுத்துக்கொண்டு தினமும் உன்னைத் திட்டினேன். இதைப் பார்க்காமல் விடுவதில்லை என்றுதான் எழுந்து உட்கார்ந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கழுத்தைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தார்.

"ஃபோட்டோவில் நன்றாக இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை."

முதலாளி வெடித்துச் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"அடுத்த மாதம் செக்கப்புக்குப் போகிறேன். வேறொன்று பார்த்து வாங்கி வருகிறேன். அதை இரண்டு நாள்கூட மூடி வை, நான் இருப்பேன்."