குடிக்காமல் கீழே வைத்த காபி

காலை எட்டே கால் மணிக்கு அல் ஐன் மாணவர் விடுதி வாசலில் டாக்ஸி பிடித்தேன். இருபத்தாறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பேரீச்சைத் தோட்டத்தில் இறங்கியபோது மீட்டர் ஐம்பத்திரண்டு திர்ஹம் காட்டியது. இங்கே வேளாண்மை முதுகலை படிக்கிறேன். ஆய்வுக்கு நாற்பது மரங்களின் ஓலைத் துண்டுகள் வேண்டும். ஏற்கெனவே மூன்று தோட்டக்காரர்கள் 'மாஃபி', அதாவது 'கிடையாது' என்று விரட்டிவிட்டார்கள். இவரும் கைவிரித்தால் என் செமஸ்டர் அம்பேல்.

வாசலில் முருகேசன் அண்ணன் காத்திருந்தார். அறந்தாங்கிக்காரர், பதினோரு வருடமாக அங்கே வேலை.

"தம்பி, போனதும் போகாததுமா விஷயத்த ஆரம்பிச்சுடாதீங்க. அர்பாப்புக்குப் புடிக்காது" என்றார். முதலாளியை இங்கே அர்பாப் என்றுதான் சொல்கிறார்கள்.

எட்டு ஐம்பதுக்கு விருந்தினர் அறையில் கம்பளத்தில் உட்கார்ந்தோம். அர்பாபுக்கு அறுபது வயதிருக்கும். என் அம்மா, அப்பா, ஊரில் மழை என்று எல்லாவற்றையும் இந்தியில் விசாரித்தார். அரைகுறை இந்தியில் சமாளித்தேன். முருகேசன் அண்ணன் கைப்பிடியில்லாத சின்னக் கப்பில் காபி ஊற்றினார். கால் கப்தான்! நம் ஊரில் இப்படிக் கொடுத்தால் சம்பந்தமே முறிந்துபோகும். பால் இல்லை, மஞ்சள் நிறம், ஏலக்காய் வாசனை. சர்க்கரை பின்னால் வரும் என்று நினைத்து கப்பைக் கீழே வைத்தேன்.

அர்பாபின் முகம் மாறியது. கையில் உருண்டுகொண்டிருந்த ஜெபமணி நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்து, "சொல், உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

அட, எவ்வளவு நல்ல மனுஷன்! "கொஞ்சம் சர்க்கரை" என்றேன்.

அவர் நெஞ்சில் கை வைத்து, "ஆயிற்று. குடி" என்றார். வெளியே பார்த்து அரபியில் ஏதோ குரல் கொடுத்தார். ஒரு பிக்கப் வண்டி கிளம்பிப் போனது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கஷாயம் குடிப்பதுபோல ஒரே மடக்கில் குடித்தேன்.

மறுபடி ஊற்றக் குனிந்த முருகேசன் அண்ணன் என் காதில் பொருமினார்: "கெடுத்தீங்களே காரியத்த! காபியக் குடிக்காமக் கீழ வச்சா, 'எனக்கு ஒரு காரியம் ஆகணும்'னு அர்த்தம். வந்தவங்க கேட்டத அவரு குடுத்தே ஆகணும். போயும் போயும் சர்க்கரையக் கேட்டீங்களே!"

நம் ஊரில் காரியமாக வருகிறவன் இரண்டு காபி குடித்து, ஊர்க்கதை பேசி, செருப்பு மாட்டும்போதுதான் "அப்புறம் ஒரு சின்ன விஷயம்" என்று தலையைச் சொறிவான். அந்த நேரமெல்லாம் எனக்கு ஏது? மானத்தை மூட்டை கட்டிவிட்டு இரண்டாவது கப்பையும் கீழே வைத்தேன்.

அர்பாபின் புருவம் உயர்ந்தது. "இன்னும் என்ன?"

"நாற்பது மரத்திலிருந்து ஓலைத் துண்டு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதற்கா? ஆயிரம் மரம் இருக்கிறது, போய் வெட்டிக்கொள். முதலில் கேட்டாயே, அதுதான் கஷ்டம். டாக்டர் சொல்லி நாலு வருஷமாக இந்த வீட்டுக்குள் சர்க்கரையே வருவதில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் போய் வாங்கி வர ஆள் அனுப்பியிருக்கிறேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்போதே கத்தியும் பையுமாக எழுந்தேன். அர்பாப் கையமர்த்தினார். கேட்டது வந்து சேராமல் விருந்தாளி எழுந்து போனால் அவருக்குக் கௌரவக் குறைச்சலாம்.

ஒன்பது நாற்பதுக்கு வண்டி திரும்பியது. ஐந்து கிலோ மூட்டை! அர்பாபே தன் கையால் மூன்று கரண்டி போட்டுக் கலக்கி, நான் குடிப்பதைப் பார்க்க வாகாக எதிரில் உட்கார்ந்தார். சர்க்கரை போட்ட அரபுக் காபியை, சத்தியமாகச் சொல்கிறேன், வாயில் வைக்க முடியாது. சொட்டு விடாமல் குடித்தேன்.