மார்பில் தடவிய அத்தர்

மகள் பிறந்து இரண்டு மாதம் முடிந்ததும் தட்டச்சு வேலைக்குத் திரும்பினேன். எழுபதுகளின் கடைசி. சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்த அக்கா பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். அவர் கொடுப்பது புட்டிப்பால். காலையும் மாலையும் தாய்ப்பால் நான் கொடுப்பேன். அதையாவது விடக் கூடாது என்று இருந்தேன்.

அலுவலகத்தில் பத்து மணிக்கெல்லாம் பால் கசிந்து ரவிக்கை நனைந்துவிடும். பிறகு புளித்த வாடை. பக்கத்து மேசைப் பெண் ஒருநாள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். எனக்கு உடம்பு கூசியது. அன்றே சிராங்கூன் சாலைக்குப் போய் ஒரு சின்னக் குப்பி அத்தர் வாங்கினேன். வெட்டிவேரும் கிராம்பும் சேர்ந்தது. மறுநாள் காலை பால் கொடுத்து முடித்ததும், வாடை எழும் இடத்திலேயே, மார்பில் தடவினேன்.

முதலில் மழை விழுந்த மண்போல இருந்தது. பஸ்ஸில் வேர்க்க வேர்க்கக் கிராம்பின் காரம் கழுத்துவரை ஏறியது. சாயங்காலம் ஈரக் கட்டையின் கசப்பு மட்டும் மிஞ்சியது. அந்த வாசனையில் நான் யாருக்கும் தாய்போல இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இன்றும் சங்கடத்தோடுதான் எழுதுகிறேன்.

அன்று மாலை மகள் மார்பில் வாய் வைக்கவில்லை. முதுகை வளைத்துக் கத்தினாள். மறுநாளும் அப்படியே. வாயில் புண்ணா, வேலைக்குப் போன கோபமா, நான் தின்ற ஏதாவதா என்று ஒவ்வொன்றாக நினைத்தேன். கிளினிக் தாதி பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார். ஒவ்வொரு காலையும் அத்தரைத் தடவிக்கொண்டே கவலைப்பட்டேன். முதல் இரண்டு நாள் பால் கட்டி வலித்தது. பிறகு வலி நின்றது. அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் பிள்ளையை என் கையில் கொடுக்கும்போது அக்கா மூக்கைச் சுளித்தார்.

"ஆபீஸ்ல டைப் அடிக்கிறியா, மசாலா அரைக்கிறியா?"

அத்தர் என்றேன். எங்கே பூசினேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"பிள்ளை மூஞ்சி வைக்கிற இடத்துலயா? அதுக்கு நீ யாருன்னே தெரியல லா."

சோப்பும் கடலை மாவும் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்தேன். எண்ணெய் அத்தர், சீக்கிரம் போகவில்லை. மூன்று நாள் கழித்து அவள் மறுபடி வாய் வைத்தாள். நாலைந்து முறை உறிஞ்சினாள், விட்டாள், அழுதாள். பிழிந்து பார்த்தேன். ஒரு சொட்டு நின்றது, வழியவில்லை.

வேலைக்குப் போனாலே பால் வற்றும், அத்தர்மேல் பழி போடாதே என்றார் அக்கா. இருக்கலாம். அன்று மாலைப் புட்டியை நானே கலக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை குடித்தாள்.