காற்புள்ளிக்குப் பின்னால் வந்த சேகர்

இன்று திருச்சானூரில் ஒரு லாட்ஜின் ஆன்லைன் புக்கிங்கை கவுண்டர் கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொண்டிருந்தேன்.

புக்கிங் விவரங்களை ஜேசான் வடிவத்தில் அனுப்பலாம் என்றேன். மேனேஜர், காற்புள்ளி வைத்துக் கட்டங்களைப் பிரிக்கும் பழைய சிஎஸ்வியே போதும் என்றார். அதில் பெயருக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் போதும், மீதி அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும்.

நகரியிலிருந்து ஓர் அம்மா தனியாக வந்தார். பெயரை “அமுதா, கணவர் சேகர்” என்று பதிந்திருந்தார். அடுத்த கட்டம் உடன் தங்குபவருக்கானது; திரையில் இரண்டு பேர்.

“ஊட்டுக்காரரு எங்கம்மா?” என்றார் மேனேஜர்.

அந்த அம்மா சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். “அவரு செத்து ஆறு மாசம் ஆவுது. வந்துக்கினு இருக்காருன்னா போட்டுகீது?”

நான் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். “கம்ப்யூட்டர் தப்பும்மா. அழிச்சிடட்டுமா?”

“இன்னிக்கி ஒரு நாளு இருக்கட்டும் சார்.”

மேனேஜர் மறுபேச்சில்லாமல் ஜேசானுக்குச் சம்மதித்துவிட்டார். சேகர் மட்டும் இன்னும் அறையில் இருக்கிறார். நாளை நான்தான் அழிக்க வேண்டும். எனக்குப் பதிலாக யாராவது வருகிறீர்களா?