கொக்கம்மாவின் குளிர்காலம்

"அசையாதீங்க சம்பந்தியம்மா, உங்க நிழல் தண்ணில விழுது" என்று என் முந்தானையைப் பிடித்திழுத்து உட்காரவைத்த பிறகுதான் கொக்கம்மா பைனாகுலரைத் தூக்குவார். உப்பங்கழிக் கரையில் சேறும் முள்ளும் உடைந்த சிப்பியும். அவருக்கு அதெல்லாம் மெத்தை.

என் இரண்டாவது மகளின் மாமியாருக்கு நேர் இளைய தங்கை. மலையூரில் கணவர் பேக்கரி வைத்திருக்கிறார். பனி இறங்கினால் இவருக்கு இரைப்பு வந்துவிடும். கடலோரமாகப் போய் இருக்கச் சொல்லி டாக்டர் விரட்ட, குளிர்காலம் முழுக்க என் வீட்டு மாடியறைதான். "கடலோரம் போகத்தான் சொன்னாரு, கட்டில்ல கிடக்கச் சொல்லல" என்று விடியும்போதே செருப்பை மாட்டிவிடுவார். ஒற்றைக்காலில் நின்று செருப்புச் சேற்றைச் சுரண்டுவதைப் பார்த்துத் தெரு வைத்த பெயர் கொக்கம்மா. கூப்பிட்டால் கூச்சமில்லாமல் திரும்புவார்.

துணைக்கு நானும், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர் தம்பியும் போவோம். ஒருநாள் கொக்கம்மா தூரத்தில் வெள்ளையாக மிதந்ததைக் காட்டி, "மூச்சு விடாதீங்க, தூங்குது" என்றார். வெயில் ஏறும்வரை அடங்கிக் கிடந்தோம். காற்று புரட்டிப் போட்டது, தெர்மாகோல்.

"இதுக்கும் டிக்கெட் கிழிக்கட்டுமாக்கா?" என்றார் கண்டக்டர்.

கொக்கம்மாவுக்குச் சிரித்துச் சிரித்தே இரைத்துவிட்டது.

பைனாகுலர் கணவருடையது. வலது கண்ணாடிக்கு மட்டும் தனியாக ஒரு வளையம் இருக்கிறது. அவரவர் கண்ணுக்குத் தக்கபடி திருகிக்கொள்ள வேண்டுமாம். இவர் திருகுவதில்லை. வலக்கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இடக்கண்ணால் மட்டும் பார்க்கிறார்.

"திருகினா ரெண்டு கண்ணாலயும் பாக்கலாமே?" என்றேன்.

"அது அவரு வச்ச அளவு சம்பந்தியம்மா. வந்து எடுத்ததும் பளிச்சுனு தெரியணும். திருகிட்டே நின்னா அதுக்குள்ள பறந்துடும்."

பறவை பார்க்கப் பழக்கிவிட்டதே அந்த மனுஷன்தான். இப்போது அடுப்பை விட்டு நகர வழியில்லை. குளிருக்குக் கழியில் வந்திறங்கும் பூநாரைகள் கிளம்புவதற்குள் வந்துவிடுகிறேன் என்று வருடந்தோறும் சொல்வார். ஒரு வருடம் மாவு பிசைகிறவன் ஓடிப்போவான், ஒரு வருடம் கேக் ஆர்டர் குவியும். இந்த முறை அடித்துச் சொன்னார். இவரும் மாடியில் இன்னொரு தலையணைக்கு உறை மாட்டிவைத்தார்.

"பூநாரை இருக்கிற வரைக்கும்தான் வருவாரு. அதுங்க போயிடுச்சுன்னா, 'இனி நான் எதுக்கு, நீயே கிளம்பி வா'ன்னுடுவாரு."

நேற்றுக் காலை கழி வெறிச்சென்று கிடந்தது. சேறெங்கும் காலடிகள், ஒன்றிரண்டு இறகுகள். கரையோரம் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் போன் அடித்தது.

"பூநாரை இருக்கா, போயிடுச்சா?" பேக்கரிக்காரரின் குரலுக்குப் பின்னால் தட்டுகள் உரசின.

கொக்கம்மா வெறும் தண்ணீரைப் பார்த்தார்.

"எங்கங்க போகும்? கூட்டம் கூட்டமா நிக்குது. நீங்க பஸ்ஸப் பிடிங்க."

கண்டக்டர் வாயைத் திறந்தார். கொக்கம்மா திரும்பாமலே விரலை உதட்டில் வைத்தார், பறவை வெகு பக்கத்தில் நிற்கும்போது வைப்பதுபோல.