கணுக்காலை ஒருவர் பார்க்கட்டும் என்று கேட்டேன்

என் மனைவி நூர்ஜஹானுக்கு நாற்பத்தொரு வயதில் பக்கவாதம் வந்தது. ரத்தக்கொதிப்பு கிடையாது, சர்க்கரையும் கிடையாது. அல்லாஹ் அவளை எனக்குத் திருப்பித் தந்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் கோபம் இன்னும் அடங்கவில்லை. அதை மறைத்து நன்றி மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் பைண்டிங் வேலை எனக்கு. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை எறிய மாட்டேன். பின்பக்கத்தில் அன்று நடந்ததை எழுதி நூலில் கோத்து வைப்பது இருபது வருடப் பழக்கம்.

ஆடிப்பெருக்கு அன்று, அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியான மாலையில் எழுதியிருக்கிறேன்: 'நூருக்குக் கணுக்காலில் ஊதாப் புள்ளிகள். அழுத்தினாலும் மறையவில்லை.' புரட்டாசி இரண்டாம் செவ்வாய்: 'இடது பாதம் மரத்துவிட்டது. செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தாள்.' இடையில் மூன்று தடவை மூச்சு இழுப்பு.

நூர் வீட்டிலிருந்தே பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். எங்கள் ஊரில் லேபிள் ஒட்டுகிறவளுக்கு உடம்பில் எது வந்தாலும் ஒரே பெயர்தான்: அலர்ஜி. பக்கத்துத் தெரு டாக்டர், என்ன வேலை என்று கேட்டதும் தலை நிமிராமல் ஊசி போட்டார். மூன்று முறை போனோம். மூன்று முறையும் அதே ஊசி.

"பசையில கெடந்து எந்திரிக்கிறவளுக்கு இது வராம இருக்குமாலே? இதுக்குப் போயி தாள் தாளா எழுதுறியே" என்று என் அக்கா சிரித்தாள். நூரும் தீபாவளி சீசன் நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று சேலையை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன். எழுதியவன் நான், எழுதியதைச் சேர்த்து ஒரு தடவைகூடப் படிக்காதவனும் நான்தான்.

தீபாவளி கழிந்த நான்காம் நாள், வெள்ளிக்கிழமை காலை, டீ கிளாஸ் அவள் வலது கையிலிருந்து நழுவியது. என்னைக் கூப்பிட வாயெடுத்தாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

மதுரையில் சேர்த்தோம். பக்கவாதம் என்றார்கள். ஏன் வந்தது என்று கேட்டேன். சில பேருக்கு வரும் என்றார் ஒரு டாக்டர். பார்க்க வந்த உறவினர், எங்கள் வீட்டில் தொழுகை குறைந்துவிட்டது என்றார். அவரை வெளியே போகச் சொன்னேன். இன்றும் அதற்கு நான் வருந்தவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, நண்பகல் லுஹர் தொழுது கையேந்தினேன். பணிவாகக் கேட்க வரவில்லை, சண்டைதான் வந்தது. "யா அல்லாஹ், நான் அற்புதம் கேக்கல. அவ கணுக்கால ஒரு ஆளு பாக்கட்டும். ஒரே ஒரு ஆளு."

அன்றே ஒரு டாக்டரம்மா வந்தார். வந்ததும் கால்மாட்டுப் போர்வையை ஒதுக்கினார். குனிந்து கணுக்காலைப் பார்த்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"ஆடிப்பெருக்கு அன்னைக்கு, சாயங்காலம்."

நிமிர்ந்து பார்த்தார். நூலில் கோத்த தாள்கள் என் பையில்தான் இருந்தன. நின்றபடியே ஒவ்வொன்றாகப் படித்தார். "இழுப்பு, புள்ளி, மரத்த பாதம், இப்ப பக்கவாதம். இது நாலு வியாதி இல்லய்யா, ஒண்ணுதான்."

ரத்தப் பரிசோதனையும் தோலில் எடுத்த சதைப் பரிசோதனையும் அதையே சொல்லின. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சின்ன ரத்தக்குழாய்களைத் தாக்கும் நோய், வாஸ்குலைட்டிஸ். அது மூளை வரை போய்ப் பக்கவாதமாவது அபூர்வம் என்றார். அபூர்வம், சரி. கணுக்கால் அபூர்வமா? ஆடியிலிருந்து அது அங்கேதானே இருந்தது?

ஸ்டீராய்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் கொடுத்தார்கள். பதினோராம் நாள் நூர் முழுதாக ஒரு வாக்கியம் பேசினாள்.

"நான் பேசாம கெடந்ததையும் எழுதிட்டீகளா?"

எழுதிவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

வலது விரல்கள் இன்னும் பசைத் தூரிகையைப் பிடிப்பதில்லை. துஆதான் கபூலாகிவிட்டதே, கேட்டது கிடைத்துவிட்டதே, மாத்திரை எதற்கு என்கிறார்கள் சிலர். துஆவுக்கு வந்த பதிலே அந்த மாத்திரைதான். என் அக்கா இப்போது சிரிப்பதில்லை. தெருவில் லேபிள் ஒட்டும் பெண்களின் கால்களைப் பார்க்கிறாள். நான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அந்த வாரத் தாள்களைச் சேர்த்துப் படிக்கிறேன்.

நீங்களும் அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சேலையை இழுத்து மூடாதீர்கள். யாராவது தலை நிமிராமல் அலர்ஜி என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள், பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கிற கண்ணை அவன் அனுப்புவான். எனக்கு அனுப்பினான், சனிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குச் சற்று முன்பு.