ஜானு டீச்சர் ஓட்டிய பியட்

வெங்கட்ரமணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மின்வாரிய அலுவலகத்துக்குச் சைக்கிளில் போன காலத்திலேயே, எதிரில் பஸ் வந்தால் இறங்கி ஓரமாக நின்றுவிட்டுப் பிறகு ஏறுகிறவர் அவர். அந்த வீட்டில் கார் ஓட்டியது அவர் மனைவி ஜானுதான்.

ஜானு பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர். ஊரை விட்டுப் போன ஒரு டாக்டரிடம் பழைய பியட் ஒன்று விலைக்கு வந்தபோது, தன் சேமிப்பை எல்லாம் போட்டு அவளே வாங்கினாள். கீழக்குயில்குடிக்குப் போகும் ஆளில்லாத சாலையில் மெக்கானிக் முத்திருளனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டப் பழகினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி அவள் வண்டி ஓட்டி வருவதை டீக்கடையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இடதுபக்க சீட்டில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெங்கட்ரமணன் இருப்பார்.

"என்ன சார், டீச்சர் ஓட்ட, நீங்க சொகமா உக்காந்து வாரீக?" என்று யாராவது கேலி செய்தால், "உங்களுக்கு இந்தக் குடுப்பினை இல்லையேய்யா" என்பார். அதில் அவருக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை.

ஜானுவின் அம்மா ரெங்கம்மாள் எழுமலையில் இருந்தாள். ஒரு ஐப்பசி மழையில் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. உசிலம்பட்டி தாண்டி ஓடைத் தண்ணீர் சாலையில் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. பஸ்கள் எல்லாம் நின்றுவிட்டன. ஜானு ஒரு நிமிஷம் தண்ணீரைப் பார்த்தாள். புளியமரங்களின் வரிசையை வைத்து ரோடு எங்கே போகிறது என்று கணக்குப் போட்டாள். முதல் கியரிலேயே உறுமவிட்டு வண்டியை அக்கரையில் ஏற்றிவிட்டாள். அம்மாவைப் பின்சீட்டில் படுக்க வைத்து அதே வழியில் மதுரைக்குக் கொண்டுவந்தும் சேர்த்தாள். ரெங்கம்மாள் அதற்குப் பிறகு வெகுகாலம் உயிரோடு இருந்தாள். "எம் மக கப்பல் ஓட்டுவா" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் வண்டி நிறுத்த நிழல் கிடையாது. வருஷக்கணக்காக மதுரை வெயில் கண்ணாடி வழியே இறங்கியதில் டேஷ்போர்டு கோடை காலத்துக் கண்மாய்த் தரைபோல வெடித்துவிட்டது. உள்ளே இருந்த பஞ்சு மஞ்சளாக எட்டிப் பார்த்தது. மீட்டர்களின் எண்கள் மங்கிப்போயின. ஜானு அதன்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். "ரிட்டயர் ஆனதும் மொத வேலை இதைச் சரி பண்றதுதான்" என்று அடிக்கடி சொல்வாள்.

அதற்குள் கண் முந்திக்கொண்டது.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து உதிர்ந்துகொண்டே வந்திருக்கிறது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது, அதனால் அவளுக்கே தெரியவில்லை. ஒருநாள் பழங்காநத்தம் ரவுண்டானாவில் ஒரு சைக்கிள்காரர் வண்டியில் உரசிக் கீழே விழுந்தார். அடி எதுவும் இல்லை. எழுந்து, திட்டிவிட்டுப் போய்விட்டார்.

"ஏங்க, அந்த ஆளு எந்தப் பக்கத்துல இருந்து வந்தாரு?" என்று ஜானு கேட்டாள்.

"இடது பக்கந்தான். ரொம்ப நேரமா நம்ம கூடவேதான வந்தாரு."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலேயே வைத்தபடி இருந்தாள். பிறகு, "முத்திருளனுக்குப் போன் பண்ணுங்க. வண்டியை அவர் கொண்டாரட்டும்" என்றாள். அன்றைக்கு இறங்கியவள்தான், அப்புறம் வண்டி ஓட்டவில்லை.

டாக்டர்கள் ஆனமட்டும் பார்த்தார்கள். சொட்டுமருந்து, லேசர், ஆபரேஷன் எல்லாம் நடந்தது. போன பார்வை போனதுதான் என்றும், இருப்பதைக் கொஞ்சநாள் காப்பாற்றலாம் என்றும் சொன்னார்கள். அதுவும் முடியவில்லை. கடைசியில் வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் மிஞ்சியது.

ஜானு அழவில்லை. கையால் தடவியே சமையல் செய்யப் பழகினாள். தொட்டிச் செடிகளை இலையைத் தொட்டுப் பார்த்துப் பெயர் சொன்னாள். பார்க்க வந்தவர்கள் "எம்புட்டு தைரியம்" என்று வியந்துவிட்டுப் போனார்கள். வெங்கட்ரமணனுக்கு மட்டும் அந்த அமைதி பயமாக இருந்தது. அவளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அப்போதுதான் போர்ட்டிகோவில் உறை போட்டு மூடிக் கிடந்த பியட் கண்ணில் பட்டது. அவள் ஆசைப்பட்டுச் செய்யாமல் விட்ட வேலை ஒன்று இருக்கிறதே!

முத்திருளன் எஞ்சினை ஓட வைத்தார். "டேஷ்போர்டு நம்ம வேலை இல்ல சார். தெற்குவாசல்ல மன்சூர்னு ஒருத்தர் பழைய வண்டிக்கு அதை மட்டுந்தான் பண்றாரு. திண்டுக்கல்லு, ராஜபாளையத்துல இருந்தெல்லாம் கொண்டாந்து குடுக்காக" என்றார். ஜானுவிடம் எஞ்சின் வேலை என்று மட்டும் சொல்லி வண்டியை அங்கே கொண்டுபோனார்கள்.

மன்சூருக்கு நாற்பது வயதிருக்கும். டேஷ்போர்டை முழுசாகக் கழற்றி மேசைமேல் கிடத்தி வைத்திருந்தார். வெடிப்புகளை அறுத்தெடுத்து, புதுப் பஞ்சு வைத்து, தேய்த்துச் சமன் செய்து, சூடுகாட்டி ரெக்ஸின் இழுத்து ஒட்ட வேண்டும் என்று விளக்கினார்.

"வெயில்ல கலரு பூரா வெளுத்துப்போச்சு சார். கீழ்ப்பட்டைக்கு ஒரிஜினல் கலர் என்ன? கருப்பா, காப்பிக் கலரா?"

வெங்கட்ரமணன் யோசித்துப் பார்த்தார். அத்தனை வருஷம் அதற்கு எதிரிலேயே உட்கார்ந்து வந்தவருக்கு அது என்ன நிறம் என்று தெரியவில்லை. அவர் பார்த்து வந்தது ரோட்டையும், ரோட்டைப் பார்க்கும் அவள் முகத்தையும்தான்.

"என் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்" என்றார். "அவளுக்கு இப்ப பார்வை இல்ல தம்பி."

மன்சூர் கையிலிருந்த துணியை மேசைமேல் வைத்தார். பிறகு, "பரவால்ல சார். நானே வந்து டீச்சரம்மாட்ட கேட்டுக்கிறேன்" என்றார்.

மறுநாள் மன்சூர் அவர்கள் வீட்டுக்கு வந்து ஜானுவிடம் விஷயத்தைச் சொன்னார். கோபித்துக்கொள்வாள் என்று வெங்கட்ரமணன் நினைத்தார். அவள் விரல்கள் சேலை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தன.

"காப்பிக் கலர் இல்ல தம்பி" என்றாள் கடைசியில். "புளியங்கொட்டைக் கலர். வறுக்காத புளியங்கொட்டை. லேசா மினுமினுப்பு இருக்கும்."

அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. வேகமுள் நாற்பதைத் தாண்டினால் நடுங்கும், பெட்ரோல் முள் கால் டேங்க் காட்டும்போதே உள்ளே ஒன்றும் இருக்காது, சோக் குமிழை இழுத்து லேசாகத் திருப்பினால்தான் நிற்கும். கைகளை முன்னால் நீட்டி, காற்றில் ஒவ்வொரு சுவிட்சும் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த வெங்கட்ரமணனுக்கு வகுப்பறையில் அவள் பேசும் குரல் கேட்டது. அவர் தம்ளரை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன. ஜானு நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் தெற்குவாசலுக்குப் போனாள். மன்சூர் அவள் கையைப் பிடித்து மேசைமேல் வைப்பார். ஒருதடவை, "ரொம்ப வழவழன்னு இருக்கே தம்பி. ஆரஞ்சுத் தோல் மாதிரில்ல இருக்கணும்" என்றாள்.

"டீச்சரம்மா சொன்னாச் சரித்தான்" என்று மன்சூர் அதை உரித்துப் போட்டுவிட்டு வேறு ரெக்ஸின் தேடிப் போனார். மீட்டர் எண்களை மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக எழுதும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குத் திரும்பினால், "அடுத்து என்னைக்கு போறோம்?" என்பாள். தான் செய்த காரியம் பலித்துவிட்டது என்று வெங்கட்ரமணன் நம்பினார்.

வேலை முடிந்ததும் ஒரு காலைப்பொழுதில் மன்சூரே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். புளியங்கொட்டை நிறப் பட்டையும், மேலே ஒரு சுருக்கம் இல்லாத கருப்பும், பளிச்சென்ற மீட்டர் வளையங்களுமாக டேஷ்போர்டு கம்பெனியிலிருந்து அன்றைக்குத்தான் வந்ததுபோல இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

ஜானு யார் கையையும் பிடிக்கவில்லை. வலதுபக்கக் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் வெங்கட்ரமணன் சுற்றிப்போய் இடதுபக்கம் ஏறிக்கொண்டார். அவள் விரல்கள் டேஷ்போர்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெதுவாகப் போயின.

"அப்படியே இருக்கு" என்றாள். "ஸ்டார்ட் பண்ணவா?"

மன்சூர் வெளியிலிருந்து, "பண்ணுங்கம்மா, நியூட்ரல்லதான் இருக்கு" என்றார்.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"ஏங்க, மீட்டர்ல லைட்டு எரியுதா?"

"எரியுது."

"எப்படி இருக்கு?"

"மஞ்சளா, இதமா இருக்கு. நம்பரெல்லாம் வெள்ளை வெளேர்னு தெரியுது. பெட்ரோல் முள் பாதிக்கு வந்து நிக்குது." அவருக்குச் சொல்லச் சொல்ல உற்சாகம் ஏறியது. "உன் வேகமுள் சமத்தாப் படுத்திருக்கு."

ஜானு சிரித்தாள். அவள் இடதுகால் தானாகப் போய் கிளட்சை மிதித்தது. கை கியர் கம்பியைப் பிடித்தது. வெளியே மன்சூர் ஓரடி முன்னால் வந்தார். அவ்வளவுதான், அவள் கை அங்கேயே நின்றது. எதிரே வாசல் கதவு திறந்திருந்தது, தெரு காலியாகக் கிடந்தது. அது எதுவும் அவளுக்குத் தெரியாது. காலை எடுத்தாள், சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள், ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பார்வை போன நாளிலிருந்து அழாத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள்.

"உனக்குப் பிடிக்கும்னுதான் ஜானு செஞ்சேன்" என்றார் வெங்கட்ரமணன்.

"பிடிச்சிருக்குங்க. அதான் தாங்க முடியல." அவள் நிமிரவில்லை. "இது உறை போட்டு மூடிக் கிடந்தப்ப ஒண்ணும் தோணல. அதுவும் முடியாமக் கிடக்கு, நானும் கிடக்கேன்னு இருந்துட்டேன். இப்ப அது எந்திரிச்சிருச்சு. நான் மட்டும் அங்கனயே கிடக்கேன்."

மன்சூர் காப்பிகூடக் குடிக்காமல், சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அதன்பின் அவள் போர்ட்டிகோ பக்கமே வரவில்லை. கொல்லைக் கதவு வழியாகவே போய்வந்தாள். புது ரெக்ஸின் வாசனை ஜன்னல் வழியே வருகிறதென்று ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். வெங்கட்ரமணன் யாரிடமும் சொல்லாமல் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். அவருடைய கால் நடுங்கிய நடுக்கத்தில் வண்டி குதித்துக் குதித்து நின்றது. சொல்லிக்கொடுத்தவர் இறங்கிவந்து, "இந்த வயசுல எதுக்கு சார் இந்தச் சிரமம்?" என்று தன்மையாகக் கேட்டார். வெங்கட்ரமணன் வீட்டுக்கு வந்து அதை ஜானுவிடம் சொன்னார்.

அவள் அவருடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஓட்டி நான் பக்கத்துல உக்காந்தா, வழி பூரா உங்களை வஞ்சுக்கிட்டேதான் வருவேன். வேணாம்ங்க. தீப்தி எடுத்துட்டுப் போகட்டும்."

தீப்தி அவர்களுடைய ஒரே மகள், கோயம்புத்தூரில் வேலை பார்த்தாள். அடுத்த விடுமுறைக்கு வந்தாள். "அம்மா, ஒரே ஒரு ரவுண்டு வாங்கம்மா, பசுமலை வரைக்கும்" என்று கெஞ்சிப் பார்த்தாள். ஜானு மகளின் கன்னத்தைத் தடவி, "நீ போயிட்டு வாடி. மத்தியான வெயில்ல மட்டும் நிறுத்தாத" என்றாள்.

வண்டி கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது ஜானு வாசல்வரை வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்து நின்றாள். பியட் தெரு முனையில் திரும்பியது.

"மூணாவது கியரை இம்புட்டு லேட்டாவா போடுவா?" என்றாள்.

வெங்கட்ரமணன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பைபாஸ் ரோட்டு லாரிகளின் இரைச்சல்தான் அவருக்குக் கேட்டது. சற்றுநேரம் பொறுத்து, "உள்ள போவோமா ஜானு?" என்றார்.

"இருங்க" என்றாள் அவள். "இன்னும் கேக்குது."